வெட்டாத பக்கங்கள்

அந்த நூலகத்தைப் பத்திப் பேச்செடுத்தாலே எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது. திருவண்ணாமலையில் மிஷன் காம்பவுண்டுக்குள்ளே, ரோமாபுரிப் போப்பை எதிர்த்து நின்ன ஜெர்மன் சீர்திருத்தக்காரர் ஒருத்தருக்கு நினைவு அருங்காட்சியகம், கூடவே ஆராய்ச்சி நூலகம். பேர்தான் பெருசு. உள்ளே அவரோட மார்பளவுச் சிலை, மங்கிப்போன நாலு படம், பூட்டின மூணு அலமாரி. அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில் நான் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கிட்டே ஆராய்ச்சி பண்ணினேன். அந்தச் சீர்திருத்தக்காரர் எழுத்து தமிழுக்கு வந்த கதைதான் தலைப்பு. எங்கப்பா ஜவுளிக்கடைக்காரர், அஞ்சு வேளை தொழுகிறவர். "உனக்கு வேற ஆளே கெடைக்கலையாம்மா?"னு சிரிப்பார். நான் படிக்க வேண்டிய பழைய மொழிபெயர்ப்பு ஒரே ஒரு பிரதிதான் மிச்சம், அதுவும் அந்த அலமாரியில். அந்தப் பிரதியைப் படிக்காம கையெழுத்துப் போட மாட்டேன்னு என் கைடு கறாரா சொல்லிட்டார். பங்குனிக்குள்ளே ஆய்வேட்டைக் கொடுக்கலைன்னா பதிவே ரத்து. அஞ்சு வருஷ உழைப்பு அம்போ.

சாவி கோயில்பிள்ளைகிட்ட. சர்ச்சில் மணியடிச்சுக்கிட்டிருந்தவரையே அருங்காட்சியகத்துக்கும் காவல் வச்சிருந்தாங்க. முதல் தடவை போனப்போ ஈரத்துணியால சிலை நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டிருந்தார். கிரிவலம் வந்தவங்க யாரோ குங்குமம் வச்சுட்டுப் போயிருக்காங்க.

"இதையெல்லாம் சாமியாக்கிடறாங்க டீச்சரம்மா. நாங்க சிலையைக் கும்பிடறவங்க இல்லீங்க"னு அலுத்துக்கிட்டார்.

சிலையைக் கும்பிடலை, சரி. அலமாரியைக் கும்பிட்டார்! அதுக்கு எதிரே செருப்புப் போடக்கூடாது, சத்தமா பேசக்கூடாது. புஸ்தகத்தைக் கேட்டா, மிஷன் கமிட்டி லெட்டர் வேணும். லெட்டர் கொண்டுபோனா, அதுல சீல் இல்லை. சீல் வாங்கிட்டுப் போனா, அன்னிக்குப் பூச்சிமருந்து அடிச்சிருக்கு, திறக்கக்கூடாது. மாசி பாதி போயிடுச்சு. தலையைச் சுவத்துல முட்டிக்கலாமான்னு இருந்துச்சு.

ஒருவழியா ஒருநாள் திறந்தார். வெள்ளைத்துணியில சுத்தி, பச்சைக்குழந்தையைத் தூக்கற மாதிரி கொண்டுவந்து மேஜையில வச்சார். நான் புரட்டினேன். புரளலை. அந்தக் காலத்துல பெரிய தாளில் அச்சடிச்சு, மடிச்சுத் தச்சு அனுப்புவாங்க. வாங்கினவங்கதான் ஓரத்தைக் கத்தியால கீறிப் படிக்கணும். இதை யாரும் கீறவே இல்லை. முதல் பக்கம் தவிர அத்தனையும் ஒட்டினபடி மூடிக்கிடந்துச்சு.

"ஒரு பிளேடு குடுங்கய்யா."

அவர் மூஞ்சி வெளுத்துப்போச்சு. "ஐயய்யோ! வந்தது வந்தபடியே இருக்கணும்னு பழைய பாதிரி ஐயர் சொல்லிட்டுப் போயிருக்காருங்க."

எனக்குப் பொறுமை போயிடுச்சு. சிலை காதுலயும் விழற மாதிரி கத்தினேன். "எல்லாரும் அவங்கவங்க பாஷையில பைபிள் படிக்கணும்னு சண்டை போட்ட மனுஷன்யா அவரு! வந்த நாள்லேர்ந்து இதை ஒருத்தர்கூட படிக்கலை. தெரியுதா உங்களுக்கு?"

அவர் புஸ்தகத்தைக் குனிஞ்சு பார்த்தார். ஓரத்து மடிப்பை விரலால தடவினார்.

"யாருமேவா? பெரிய பெரிய ஐயருங்க எல்லாம் படிச்சிருப்பாங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்…"

அவர் உள்ளே போய், மெழுகுவர்த்தி சீவற கத்தியை எடுத்துட்டு வந்தார். என்கிட்ட கொடுக்கலை. அவரே உக்கார்ந்து, ஒவ்வொரு மடிப்பா கீற ஆரம்பிச்சார். மத்தியானம் ஆயிடுச்சு. கடைசி மடிப்பு பிரிஞ்சதும் நான் நோட்டைத் திறந்துக்கிட்டு, அவர் எழுந்திருக்கட்டும்னு காத்திருந்தேன். உள்ளுக்குள்ளே எரிச்சல் இன்னும் அடங்கலை, ஒத்துக்கறேன்.

அவர் எழுந்திருக்கலை. இருபது வருஷத்துக்கு மேல அந்தச் சாவியை இடுப்பிலேயே வச்சிருந்த மனுஷன், நேத்து வந்த என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"டீச்சரம்மா, நான் படிக்கலாமுங்களா?"