மாமா கொடுத்த ரத்தம்

எங்கள் மாமாவை ஏமாற்றுவது லேசில்லை. கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளந்து வாங்குகிறவர் அவர். கேனைத் திறந்ததுமே தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடுவார். கலந்தவரின் முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லவும் செய்வார்.

நான் ஐந்தாவது படித்தபோது அவர் மனைவிக்கு, என் அத்தைக்கு, டெங்கு வந்தது. தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். காய்ச்சல் விட்டது, இனிப் பயமில்லை என்று எல்லோரும் நிம்மதியான நேரத்தில் அத்தைக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிட்டன, உடனே ஏற்ற வேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். டீ குடிக்கப் போன பங்காளிகள் திரும்பி வரவே இல்லை. மாமா மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்ப் படுத்தார்.

பிறகு நர்ஸ் ஒரு பையோடு வந்தார். உள்ளே இருந்தது மஞ்சளாக இருந்தது.

"இது என்னாங்க?" என்றார் மாமா.

"பிளேட்லெட்ண்ணா. அக்காவுக்கு ஏத்தத்தான்."

"நான் குடுத்தது செவப்பா இருந்துச்சு. என் கண்ணால பாத்தனுங்க."

"மெஷின்ல வெச்சு சுத்துனா செவப்பெல்லாம் அடியில தங்கிடும்ண்ணா. மேல நிக்கிறது இந்தக் கலர்லதான் இருக்கும். அக்காவுக்கு வேண்டியது இதுலதான் இருக்கு."

"பால்ல தண்ணி ஊத்தறவன தெனமும் பாக்கறவன் நானு. என்கிட்டயேவா? எடுத்த ரத்தத்த யாருக்கு வித்தீங்க? அது வர்ற வரைக்கும் இத ஏத்த வுடமாட்டேன்."

பாலைச் சுற்றினால் கிரீம் தனியாகப் பிரியும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். கட்டிலுக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார். அம்மாவும் அவர் பக்கம் பேசினார். எனக்கோ ஒரே பெருமை. வெள்ளை உடைக்காரர்களை நடுங்க வைக்கிற மாமா வேறு யாருக்கு இருக்கிறார்?

மேல்மாடியில் இருந்த டாக்டர் வந்து சத்தம் போட்டு, மாமாவை வெளியே அனுப்பி, பையை மாட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பை பாதி இறங்கியபோது அத்தை தலை வலிக்கிறது என்றார். வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு பேசவில்லை. மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாம். முன்பே ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் மஞ்சத்தண்ணி ஏற்றிக் கொன்றுவிட்டார்கள் என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

கருமாதி முடிந்த மறுநாள் உறவுக்காரர்களுக்குக் கறிச்சோறு போட ஆடு அறுத்தார்கள். பொரியலுக்காக ரத்தத்தை ஓர் அகலமான குண்டானில் பிடித்து, உப்புப் போட்டு ஓரமாக வைத்திருந்தார்கள். தட்டு எடுக்க வந்த மாமா அதைப் பார்த்துவிட்டு அப்படியே குந்திவிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். ரத்தம் கெட்டியாகி அடியில் கிடந்தது. அதன்மேல் மஞ்சளாகத் தண்ணீர் நின்றது. மாமா ஒரு விரலை அதில் விட்டு, எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

பந்தியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். நான் தட்டில் சோறும் கறியும் கொண்டுபோனேன்.

"நீ துன்னு கண்ணு," என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவர் பங்கையும் சேர்த்து நானே தின்றேன்.