வேண்டாமென்ற பெட்டி

தேனீப் பெட்டி வாங்கப் போகிறவர், மாட்டுச் சந்தையில் ஊறியவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாமா? சென்ற மாதம் நான் அழைத்துச் சென்றேன். அதன் விளைவு நேற்று மாலைதான் ஒரு முடிவுக்கு வந்தது.

சீனிக்குப் பங்கீடு வந்த நாள் முதலாகத் தேனீ வளர்க்கும் ஆசை எனக்கு. சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டின் பின்புறம் எலுமிச்சையும் பூசணியும் பூத்துக் கிடக்கின்றன, இடத்திற்குக் குறைவில்லை. என் மனைவி பார்வதியின் இசைவுதான் குறைவாக இருந்தது. பல நாள் மன்றாடிய பின் ஒரு நிபந்தனையோடு இசைந்தாள்.

"ஒரே ஒரு பெட்டி. அது தங்கலைன்னா, அப்புறம் இந்த வீட்ல தேனீப் பேச்சே எடுக்கக் கூடாது."

ஆகவே, முதற்பெட்டியே நற்பெட்டியாக அமைந்தாக வேண்டும். அவளுடைய தம்பி முத்தையா கடமலைக்குண்டுக்காரர். மாடு தேர்ந்தெடுப்பதில் பெயர் பெற்றவர். எவரையும் நம்பாமையே அவர் கற்ற கல்வி. அவரையும் கூட்டிக்கொண்டு இராயப்பன்பட்டிக்குப் போனேன். அங்கே ஞானப்பிரகாசம் என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் தோட்டத்தில் தேனீ வளர்க்கிறார்.

அவர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து, தேனடை கட்டிய மரச்சட்டம் ஒன்றை மெல்ல உயர்த்திக் காட்டினார். ஈக்கள் கலையவில்லை, தத்தம் வேலையிலேயே ஆழ்ந்திருந்தன.

"சாதுவான கூட்டம். புதுசா வளக்கிறவுகளுக்கு ஏத்தது" என்றார்.

முத்தையா என் காதருகே குனிந்தார். "மாமா, சாதுவா நிக்கிற மாட்ட எவன் விப்பான்? நோவு இருக்கும்."

எனக்கும் அது பொருத்தமாகவே பட்டது. நல்ல பொருளை முதலிலேயே எடுத்துக் காட்டும் விற்பனையாளரை நீங்கள் கண்டதுண்டா?

சற்றுத் தள்ளி, முருங்கையின் கீழ் இன்னொரு பெட்டி இருந்தது.

"அங்கன இருக்கே, அது?" என்றார் முத்தையா.

"அது வேண்டாங்க. ராணி செத்துப்போச்சு. வேற கூட்டத்தோட சேக்கணும்னு வச்சிருக்கேன்."

வேண்டாம்! அந்த ஒரு சொல் போதாதா? முத்தையா நேரே சென்றார். காளையின் துடிப்பை அறிய அதன் முதுகில் தட்டுவாரே... அப்படியே பெட்டியை ஓங்கித் தட்டினார். உள்ளிருந்து பேரிரைச்சல் எழுந்தது. மறுகணம் எங்கள் மேல்துண்டுகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

கிணற்றடியில் மூச்சு வாங்கியபடி, வீங்கத் தொடங்கிய உதட்டோடு முத்தையா சொன்னார்: "பாத்தீகளா மாமா, என்னா துடி! நல்லத ஒளிச்சு வச்சுக்கிட்டு, நம்ம தலையில கழிசலக் கட்டப் பாக்குறாக."

ஆசிரியர் எவ்வளவோ தடுத்தார். அவர் தடுக்கத் தடுக்க எங்கள் உறுதி வளர்ந்தது. இறுதியில் கைவிரித்தார். "எடுத்துக்கிட்டுப் போங்க. நான் சொன்னத மட்டும் மறந்துராதீக."

முதல் சில நாட்கள் எனக்குப் பெருமிதம். பிறகு — ஐயம். பெட்டியின் வாயிலில் போக்குவரத்து மெலிந்துகொண்டே வந்தது. சட்டத்தை உயர்த்திப் பார்த்தேன். முட்டையில்லை, புழுவில்லை. மூத்த ஈக்கள் மடிய மடிய, அவற்றின் இடத்திற்கு வர எதுவுமில்லை. ராணியை இழந்த கூட்டமே அவ்வாறு சினந்து இரையும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பார்வதி பெட்டியைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். ஆனால், ஈக்கள் வந்துபோன புண்ணியத்தில் இவ்வாண்டு பிஞ்சுகள் வெம்பாமல் காய்த்துவரும் தன் பூசணிக்கொடியையும் அவள் நின்று பார்த்தாள் என்பதை நான் கவனிக்கத் தவறவில்லை.

நேற்று மாலை வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. ஞானப்பிரகாசம் இறங்கினார். வண்டிக்குள் அந்தச் சாதுவான பெட்டி!

"ஒங்க கூட்டம் இந்நேரம் மெலிஞ்சிருக்கும். ரெண்டையும் சேத்துருவோம். இங்கனயே இருக்கட்டும்" என்றவர், பழைய செய்தித்தாள் ஒன்று கேட்டார். இரு கூட்டங்களையும் உடனே கலந்தால் ஒன்றையொன்று அயலென்று ஐயுற்றுக் கொன்றுவிடுமாம். நடுவே தாளை விரித்துவைத்தால், அதை இருபுறமும் அரித்துக்கொண்டே மெல்லப் பழகிவிடுமாம்.

விருந்துக்கு வந்திருந்த முத்தையா என்னை ஓரமாக இழுத்தார். "மாமா, கேக்காமலே கொண்டாந்து குடுக்கிறாகன்னா, உள்ள ஏதோ இருக்கு."

பார்வதி தன் கையாலேயே தாளை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"இருக்குதான். ராணி இருக்கு. ஏலே முத்தையா, நீ பெட்டியத் தட்டாம அங்கன தள்ளி நில்லு!"