நாலு முழ வேட்டியில் அண்ணன்

“...வெளுப்பு நல்லா வந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க தம்பி. வேற எதுவும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க” என்றார் அண்ணி. அடுப்பங்கரை வாசலில் நின்று, கொல்லைக்குக் கேட்காத குரலில் சொன்னார். கொல்லைக் கொடியில் என் அண்ணனுடைய நாலு முழ வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதை வெளுத்துப் போட்ட எங்கள் பெரியக்கா பக்கத்தில் நின்று திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குக் கருமாதி முடிந்த மறுநாள் அது. தீட்டுத் துணி முழுவதையும் வெளுத்துவிட்டு, சாயங்காலம் அரியாங்குப்பத்தில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்புவதாக இருந்தாள் அக்கா.

அந்த வேட்டி எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் கடைசியில் நான் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடங்களுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் எங்கள் தெருப் பெரியவர்கள் எந்த ஆபீசையும் ‘புரோ’ என்றுதான் சொல்வார்கள். “புரோக்காரன் வந்துட்டான், கையப் பாரு, நாவப்பழம் தின்னாப்புல” என்று என் நீலக் கையைக் கிண்டல் செய்வார்கள். பச்சைத்தூள் ஒன்றும் சிவப்புத்தூள் ஒன்றும் கரைத்த நீரைத் தாளில் தடவி இருட்டில் உலர்த்துவோம். மேலே வரைபடத்தை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலசுவோம். வெயில் பட்ட இடம் நீலமாகும், மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். தாளுக்குப் பதிலாகத் துணியையும், வரைபடத்துக்குப் பதிலாக எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதை நானாகத் தட்டுத்தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். முருங்கைக் கொத்து, சாவி, சல்லடை எல்லாம் வைத்துப் பார்த்தேன். அண்ணி அதை என்னிடம் பார்த்தே பழகிவிட்டார். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி, பழந்துணியைச் சுருட்டித் திட்டு விழாமல் தடவுவார். ஒருநாள் சீப்பைப் படம் எடுத்துக் காயவைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “உங்க அண்ணன இதுல படுக்க வெக்கலாமா தம்பி?”

அண்ணன் கேமரா முன் நின்றதே இல்லை. கல்யாணத்தில்கூடப் படக்காரரைத் திருப்பி அனுப்பியவர். எங்கள் அப்பாவுக்கு இருந்த ஒரே படம், அவர் செத்தபின் நாற்காலியில் சாய்த்து, மாலை போட்டு, நாங்கள் சுற்றி நிற்க எடுத்தது. அன்று விழப்போன அப்பாவின் தலையைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தவர் அண்ணன். “பொணமாக்கித்தாண்டா அந்தப் பொட்டி பாக்கும்” என்பார். அண்ணியின் ஆசையைச் சொன்னபோது கொஞ்சம் யோசித்தார். “இதுல கண்ணு கெடையாதில்ல? அப்ப சரி.”

தன் வேட்டி ஒன்றையே கொடுத்தார். அண்ணி அதில் மருந்து நீரைத் தடவி இருட்டில் உலர்த்தினார். உச்சி வெயிலில் மொட்டைமாடியில் அதை விரித்து, அண்ணன் ஒருக்களித்துப் படுத்தார். மூக்கும் தாடையும் தெரிய வேண்டும் என்று அண்ணி சொல்லியிருந்தார். “வத்தல் போட்டாப்புல போட்டுட்டியேடா. திருப்பியும் போடுவியா?” என்று அண்ணன் கேட்க, “பேசாதீங்க, வாய ஆட்டுனா வாயே வராது” என்றார் அண்ணி. “இத்தினி வருசமா நீ வேண்டிக்கிட்டது அதானே” என்றார் அண்ணன், உதடு அசையாமல். சிரிப்பை அடக்கியதில் அவர் வயிறு குலுங்கியது. அலசியபோது அந்த இடம் மட்டும் புகை போலக் கலங்கி வந்தது. நீலத்துக்கு நடுவே வெள்ளையாக, ஆள் உயரத்துக்கு அண்ணன். அண்ணி அதை மடித்துப் பெட்டியில் வைத்தார். வெறும் தண்ணீர் தவிர எதுவும் படக்கூடாது, சோப்பு பட்டால் நீலம் போய்விடும் என்று நான் சொல்லிவைத்திருந்தேன்.

அடுத்த மழைக்காலத்தில், வேலை பார்த்த மில்லிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. பாடையில் வைக்குமுன் சொந்தக்காரர் ஒருவர் ஸ்டுடியோவுக்கு ஆளனுப்பவா என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தினார். “வேணாம். அவருக்குப் புடிக்காது. எங்கிட்ட இருக்குது.” நானும் ஆமாம் என்றேன்.

அந்த நம்பிக்கையைத்தான் அக்கா பெட்டியிலிருந்து எடுத்திருந்தாள். இறந்தவருடைய துணி எதுவும் தீட்டோடு கிடக்கக்கூடாது. மடித்த வேட்டியில் திட்டுத்திட்டாக நீலம். அவளுக்கு விரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. சொட்டு நீலத்தைக் கரைக்காமல் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். சோடா உப்பு போட்டு, மடிப்போடு பானையில் வேகவைத்துக் கல்லில் அடித்துவிட்டாள். நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொடியருகே போய் இரண்டு பக்கமும் புரட்டினேன். வெளிறிய மஞ்சள் தவிர ஒன்றுமில்லை. வெகுகாலம் கழித்து மில் சாயப்பட்டறைக்காரர் ஒருவர், சோடா நீலத்தைத்தான் கொல்லும், அதிலிருக்கும் இரும்புச் சத்து நூலிலேயே தங்கிவிடும், கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்திருந்தால் படம் கறுப்பாகவாவது திரும்பி வந்திருக்கும் என்றார். அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்தபோது வேட்டி எங்களிடம் இல்லை. இப்போது என் பேத்தி சோற்றுத் தட்டைக்கூடக் கைபேசியில் படம் எடுக்கிறாள். அண்ணனின் குரல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகம் வருஷத்துக்கு வருஷம் கலைந்துகொண்டே போகிறது. யாரிடம் போய்க் கேட்பது?

அண்ணி சொன்னபடியே சொன்னேன். “வெளுப்பு நல்லா வந்திருக்குக்கா.”

“பின்ன? இன்னா கறைடா அது, கை தோலே உரிஞ்சிப் போச்சி” என்று உள்ளங்கையைக் காட்டினாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. வேட்டியைக் கொடியிலிருந்து உருவி மார்போடு வைத்துக்கொண்டு அண்ணியிடம் வந்தாள். “ஏம்மா, இத்த நான் எடுத்துக்கட்டுமா? எந்தம்பிது ஒண்ணாவது எங்கிட்ட இருக்கட்டும்.”

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் பக்கம் பார்க்கவில்லை. அக்காவின் கையிலிருந்து வேட்டியை வாங்கினார். ஒரு முறை முழுதாக உதறினார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, அரியாங்குப்பத்துக்குக் கட்டியிருந்த பையில் புளிக்கும் அரிசிக்கும் மேலாக வைத்து, பையின் வாயைச் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.