இங்கே தொட்டால் அங்கே திறந்த பூட்டு

1. மற்றதெல்லாம் எங்கே?

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு வெப் டிசைன் கடையில் எனக்கு வேலை. பூட்டுப் பட்டறை வைத்திருந்த சவரிமுத்து அண்ணாச்சி ஒரு வெப் பேஜ் கேட்டு வந்தார். பட்டறையில் ஆர்டர் இல்லை. கோயம்புத்தூர் மொத்த வியாபாரி ஒருவர் பேஜைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் பூட்டுப் பட்டறைக்கே பூட்டு.

அண்ணாச்சி கொடுத்தது ஒரே ஒரு பூட்டின் போட்டோ. அதை ஜாவாஸ்கிரிப்டில் குளோன் எடுத்து, அதாவது நகல் போட்டு, பன்னிரண்டாக்கினேன். குளோன் எடுத்தால் அசல் திரையில் எங்கே நிற்கிறது என்று சொல்லும் லெஃப்ட், டாப் அளவும் கூடவே வந்துவிடும். அதை மாற்றாததால் எல்லாம் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டன.

“ஒண்ணுதான தாயி இருக்கு?” என்றார் அண்ணாச்சி.

மற்றவை அதற்குப் பின்னால் இருப்பதாகச் சொன்னேன். அவர் எழுந்து மானிட்டருக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

2. திருடனை ஏமாற்றும் மாடல்

லெஃப்ட், டாப் மாற்றியதும் பூட்டுகள் ஒழுங்காக வரிசையில் நின்றன. கிளிக் செய்தால் பூட்டு திறக்க வேண்டும். ஆனால் பூட்டின் அடையாளப் பெயரான ஐடியும் குளோனோடு வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. எல்லாப் பூட்டுக்கும் ஒரே ஐடி இருந்தால், எதைத் தொட்டாலும் ஜாவாஸ்கிரிப்ட் முதல் ஆளைத்தான் எழுப்பும்.

வியாபாரி வந்தார். கடைசி வரிசையில் ஒன்றைத் தொட்டார். மேலே முதல் பூட்டு திறந்தது.

“ஏனுங்க, இங்க தொட்டா அங்க தொறக்குதுங்களே?”

அண்ணாச்சியின் முகம் செத்துவிட்டது. பூட்டுக்காரருக்கு இதைவிடக் கேவலம் உண்டா? எங்கள் முதலாளி சேவியர் சார் மட்டும் அசரவில்லை.

“திருடனை ஏமாத்துற மாடல் சார்” என்றார்.

வியாபாரி குழந்தை மாதிரி ஒவ்வொரு பூட்டாகத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அந்த மாடலையே ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

“இத நான் எப்புடித் தாயி இரும்புல செய்ய?” என்று அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஆனாலும் மனுஷன் செய்துவிட்டார். முன்னால் ஒரு பொய்த் துவாரம். சாவி நுழையும், சுற்றும், ஒன்றும் ஆகாது. நிஜத் துவாரம் அடியில், ஒரு மூடிக்குள். பட்டறையில் மறுபடி சுத்தியல் சத்தம் கேட்டது.

நானும் பொறுப்பாக உட்கார்ந்து ஒவ்வொரு பூட்டுக்கும் தனி ஐடி கொடுத்தேன். உடனே கோயம்புத்தூரிலிருந்து போன்.

“ஏனுங்க, நல்லா இருந்த பூட்டைக் கெடுத்துப்போட்டீங்களே. தொட்டதே தொறக்குதுங்க.”

இளையவர்களுக்குச் சொல்கிறேன்: குளோன் எடுத்தால் ஐடியை மாற்றுங்கள். ‘பக்’ என்கிற பிழையைச் சரிசெய்யும் முன், அதற்கு யாராவது ஆர்டர் கொடுத்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.