கரட்டு மேல் எழுந்த புகை

ஐப்பசி மழை வெறித்த ஒரு சாயங்காலம். கரட்டு மேல் என் ஓரகத்தியின் ஆட்டுக்கிடையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. வேப்பந்தழையும் காய்ந்த சாணியும் போட்டு மூட்டிய புகை. காமயகவுண்டன்பட்டி வாய்க்காலோரத்தில், தலையைத் தொங்கப் போட்டு நின்ற என் செம்மறிகளுக்கு நடுவே நின்று அதைப் பார்த்தேன். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. இன்றும் எங்காவது வேப்பந்தழை புகைந்தால் முதலில் அவள் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

அவள் மூத்த மருமகள், நான் இளையவள். ஒரே பாலில் இருவரும் உறை ஊற்றினாலும் அவள் தயிர் கட்டியாக இருக்கும், என்னுடையது வழுவழுவென்று ஓடும். கைராசிக்காரி என்று ஊரே சொல்லும். அப்படிச் சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்கள். பாகம் பிரித்தபோது மாமனார் ஆடுகளைச் சரிபாதியாக்கினார். கிடை போட இரண்டு இடம் இருந்தது. ஒன்று புல்லும் தண்ணீரும் உள்ள வாய்க்கால் வயல், மற்றது காற்றைத் தவிர ஒன்றுமில்லாத கல்மேடு, அந்தக் கரடு. நான் முந்திக்கொண்டு வாய்க்காலைக் கேட்டேன். அவள் சண்டைக்கு வருவாள் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் நின்றேன். "சின்னவ ஆசப்படுறா, குடுத்துருங்க மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நல்ல இடம் எனக்குக் கிடைத்தது, விட்டுக்கொடுத்தவள் என்ற பெயர் அவளுக்குக் கிடைத்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த மழைக்குப் பிறகுதான் சீக்கு வந்தது. காய்ச்சலில் ஆடு அனலாகச் சுட்டது. உதடு வீங்கி, மூக்கில் பொறுக்குத் தட்டி, வாயில் நுரை வடிந்தது. நாக்கு கறுத்து நீலம் பாரித்தது. வாயெல்லாம் புண்ணைப் பார்த்ததும் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அம்மன் வந்த இடத்தில் புகை ஆகாது, தாளிப்பு ஆகாது, குளிர்ச்சிதான் வேண்டும். புகைமூட்டத்தை அணைத்தேன். கிடை முழுக்க மஞ்சள் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தரையைச் சேறாக்கினேன். என் வீட்டில் கடுகு வெடிக்கவில்லை. பிள்ளைகள் தாளிக்காத குழம்பைத்தான் தின்றன. ஆடுகளோ ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

கரட்டில் அவள் பாட்டுக்குப் புகை போட்டாள். கருவாடு வறுக்கிற வாடை வாய்க்கால் வரைக்கும் வந்தது. அவள் ஆடுகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. "விரதம் இருக்குறது நானு, வாழுறது அவ ஆடா? ஆத்தாளுக்கும் மூத்தவதான் செல்லமாக்கும்!" என்று என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் செத்த ஆட்டைப் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்ததில் பாதி சினையாடுகள். அவையும் போய்விட்டால் கிடையை எடுத்துவிட்டு இருவரும் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

கடைசியில் என் வீட்டுக்காரர் கால்நடை டாக்டரை அழைத்து வந்தார். ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தவர், "நீலநாக்கு நோய்ம்மா. ஆடு ஒண்ணையொண்ணு தொட்டுப் பரவுற சீக்கில்ல. கொசுவை விடச் சின்னதா ஒரு பூச்சி, சீக்காட்டக் கடிச்சிட்டு நல்லாட்டைக் கடிச்சா வைரஸ் ஏறிரும்" என்றார். பிறகு காலடியைப் பார்த்தார். "சேறும் சாணியுமாக் கெடந்தா அது பெருகத்தான் செய்யும். பூச்சி அண்டாம மூட்டம் போடலையா?" வைரசுக்கென்று மருந்து கிடையாதாம். காய்ச்சலுக்கு ஊசி போட்டார், புண்ணைக் கழுவச் சொன்னார். மிச்ச ஆடுகளைக் காற்றடிக்கிற மேட்டுக்கு ஏற்றச் சொன்னார். காற்றில் அந்தப் பூச்சியால் பறக்க முடியாதாம். எங்களுக்கு மேடு என்றால் அவளுடைய கரடுதான்.

ஏறிப் போனேன். அவள் ஆடுகள் கொழுகொழுவென்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் கேட்க வந்ததைக் கேட்காமல் படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்பே சேதி போயிருந்தது. "சீக்காட்ட நம்ம கிடையிலயா? கூடப் பூச்சி ஏறி வந்துச்சுன்னா?" என்று அவள் வீட்டுக்காரர் துள்ளினார். அவர் கேட்டது நியாயம்தான். நானாக இருந்தால் கம்பை எடுத்திருப்பேன். அவள் என்னைப் பார்த்து, "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? ஓட்டிட்டு வாடி. சினையாட்ட மொதல்ல ஏத்து" என்றாள்.

பெரும்பாலானவை பிழைத்தன. தை மாதம் குட்டிகள் துள்ளின. ஆனால் எங்கள் ஆடுகள் ஏறிய பிறகு அவள் கிடையிலும் சீக்கு தலைகாட்டி, நாலைந்து ஆடுகள் போய்விட்டன. "ஒன்னாலதான்" என்று அவள் என்றைக்காவது சொல்வாள், அன்றைக்குக் கொடுக்கலாம் என்று பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் சொல்லவே இல்லை.

இப்போது எங்கள் இருவருக்குமே ஆடு கிடையாது. அந்தச் சீக்குக்குச் சில வருஷங்கள் கழித்து, தேவாரம் ஊரில் அவள் மகள் கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரி, "அந்த மழையில ஒங்க கிடையிலயும் ஆடு செத்துச்சாமே, எப்பிடி?" என்று ஓரகத்தியிடம் கேட்டுவிட்டாள். பாயாச வாளியோடு வந்த அவள், "மழைக்காலந்தான, பூச்சி கடிக்காமயா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, என் இலையில் மட்டும் இன்னொரு கரண்டி ஊற்றினாள். "இவளுக்கு இனிப்புன்னா உசுரு" என்று பக்கத்து இலைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள்.

அவள் இடத்தில் நானிருந்தால் பந்திக்குப் பந்தி சொல்லியிருப்பேன். ஆடுகளையும் தயிரையும் பார்த்துப் பட்ட பொறாமையெல்லாம் என்றைக்கோ அடங்கிப்போனது. சொல்லாமல் இருக்க அவளால் முடிகிறதே, அதை எங்கே போய்ப் பாகம் கேட்பது? அந்தப் பாயாசத்தைத் தொடாமலே இலையை மடித்தேன்.