சோளகத்துக்கும் கிழியாத பனர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதனால் யாருக்கு நட்டம்? இன்று எங்கள் அரிப்புக் கிராமத்தில் எனக்கு இரண்டு வள்ளம், ஒரு ஐஸ் லொறி, மாடிவீடு. எல்லாம் இந்தக் கையால் வந்தவை. பேரத்தில் என்னை வெல்ல ஒரு மீன் முதலாளி இனித்தான் பிறக்க வேண்டும். அப்படிப்பட்ட நான்தான் ஒரு பனருக்காக மகளின் படிப்புக் காசைக் கரைத்தேன்.

மகள் கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் கணினிப் பொறியியலுக்குச் சேர்ந்தாள். ஆசை என்னுடையது. ஒரு வருடக் கட்டணத்தை ஒரே தடவையில் கட்டப் போனேன். கந்தோரில் இருந்த பெண் எங்கள் பக்கத்து ஆள், வவுனியா. "தவணையாவும் கட்டலாம் ஐயா" என்றாள்.

"தவணை எல்லாம் காசில்லாதவனுக்கு, பிள்ளை" என்றேன்.

மகளின் பெறுபேற்றுக்காகக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைப் புலமைப்பரிசிலாகக் கழித்தார்கள். ஊரில் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. முழுக் காசும் கட்டினேன் என்றே சொன்னேன். சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டேன்.

பிறகு சந்தியில் பனர். பட்டத் தொப்பியோடு மகள், பக்கத்தில் அவளைவிடப் பெரிதாக நான். சோளகக் காற்றுக்கும் கிழியக் கூடாது என்று மேலதிகக் காசு கொடுத்துத் தடித்த பிளாஸ்டிக்கில் அடிப்பித்தேன்.

வகுப்பு தொடங்கி மூன்றாவது வாரம் மகள் போன் எடுத்தாள்.

"அப்பா, எனக்கு இது ஏறேல்ல. யாழ்ப்பாணத்தில கணக்கியல் படிக்கப் போறன். நாலு கிழமைக்குள்ள விலகல் கடிதம் குடுத்தா முக்கால்வாசிக் காசு திரும்பி வரும், அதிலயே முழுப் படிப்பையும் முடிச்சிடுவன். ஆறுக்குள்ள எண்டா அரைவாசி, எட்டுக்குள்ள கால்வாசி. அதுக்குப் பிறகு சதமும் இல்ல. காசு கட்டின ஆள் எண்டு உங்கட கையெழுத்தும் வேணும்."

"பனர் நிக்குதே பிள்ளை!"

"அதுக்கு?"

"அது தானாக் கிழியட்டும். சனமும் மறந்திடும். பிறகு குடுப்பம்."

மகள் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நான் காற்றுக்காகக் காத்திருந்தேன். சோளகமும் வந்தது. அயல்வீட்டுத் தகரம் பறந்தது. மீன் காயவைக்கும் என் வாடியின் ஓலைக் கிடுகு பறந்தது. பனரில் ஒரு மூலைகூட அசையவில்லை. தினமும் விடியப் போய்ப் பார்த்தேன். அதில் பல்லைக் காட்டிக்கொண்டு நான் நின்றேன். நல்ல சாமான் வாங்கியதற்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கவலைப்பட்டேன்.

ஏழாம் கிழமை மனைவி கேட்டாள்: "இஞ்சேருங்கோ, விடிய வந்த மீனை ஐஸ் போடாமப் பின்னேரம் வரைக்கும் வச்சிருப்பியளோ?"

"விசரே உனக்கு?"

"அப்ப பிள்ளையின்ர காசை மட்டும் ஏன் வெயில்ல போட்டிருக்கிறியள்?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. மீன் வெட்டும் கத்தியோடு சந்திக்குப் போய்ப் பனரை அறுத்து விழுத்தினாள். அடுத்த நாளே மகளோடு கொழும்புக்குப் பஸ் ஏறினேன்.

அதே கந்தோர், அதே வவுனியாப் பெண். "ஏழு கிழமை ஐயா. கால்வாசிதான்."

"பிள்ளை மூண்டாம் கிழமையே வகுப்புக்குப் போறதை விட்டிட்டாள்."

"போகாம விட்டது கணக்கில்ல. கடிதம் எங்கட கைக்கு வந்த நாள்தான் கணக்கு. பதிவுக் கட்டணமும் திரும்பாது."

விடுவேனா? "சரி, அந்தப் புலமைப்பரிசில் காசையாவது தாங்கோ."

அந்தப் பெண் மகளைப் பார்த்தாள். மகள் நிலத்தைப் பார்த்தாள்.

"அது நீங்கள் கட்டாத காசு ஐயா."

வந்த கால்வாசி யாழ்ப்பாணத்து முதல் தவணைக்குச் சரியாக இருந்தது. மீதியை இப்போது தவணையாகத்தான் கட்டுகிறேன். சேரும் பத்திரத்தை நிரப்பிய அன்று மகள் இன்னொரு தாளையும் நீட்டினாள். இனிப் பனர் அடிக்க மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்து, கையெழுத்து வைத்தேன்.

அந்தப் பனர் இப்போது வாடியில் கருவாட்டை மூடிக் கிடக்கிறது. எந்த மழைக்கும் ஒரு சொட்டு உள்ளே இறங்கியதில்லை. சாமான் தெரிந்து வாங்குவதில் என்னை வெல்ல ஆளில்லை.