சுருட்டுப் புகை ஏறிய விளக்கு

கூடத்துக் கதவைத் திறந்ததுமே கழுகு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஏதோ ஒன்று சரியில்லை.

கழுகு என்பது துணிக் கம்பெனியில் அவளுக்கு விழுந்த பேர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, சட்டைகளில் தையல் பிசகு பார்க்கும் வேலைக்குப் போனவள். அவள் கண்ணுக்குத் தப்பிய பிசகை வேறு யாரும் கண்டுபிடித்ததாகக் கேள்விப்பட்டதில்லை. கம்பெனியை மூடிய பிறகு அந்தக் கண்தான் இந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வாங்கிக் கொடுத்தது. அறுபது வருஷத்துக்கு முன், மகன் கல்யாணத்தை ஒட்டி ஒரு டாக்டர் கட்டிய வீடு இது. மேஜை நாற்காலி முதற்கொண்டு எதையும் மாற்றாமல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வாசல் சாவி அவளிடம். எது காணாமல் போனாலும் முதல் கேள்வி அவளைத்தான் கேட்பார்கள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மொசைக் தரை, கால் சாய்ந்த சோபா, மூன்று கால் டீப்பாய், வால்வு ரேடியோ. எல்லாம் இருந்தன. மூலையில் நின்ற விளக்கில் கண் பட்டதும்தான் பிடிபட்டது. அதன் துணிக் குடை வெள்ளை வெளேரென்று இருந்தது! டாக்டரின் சுருட்டுப் புகை ஏறி ஏறி மஞ்சள் பாரித்த குடை அது. பழைய கறையும் இந்த வீட்டுச் சொத்து, ஒருவரும் தொடக் கூடாது என்பது நிர்வாகியின் கண்டிப்பு.

அசலைச் சுருட்டிக்கொண்டு புதுசை மாட்டிவிட்டார்கள். யார்? நேற்று பார்வையாளர்களுக்கு விடுமுறை; உள்ளே வந்தவர் எலக்ட்ரீஷியன் ஒருவர்தான். சுவிட்சு வேலை பாக்கி என்று இன்றைக்கும் வந்தார். அவர் பையை விட்டு அவள் கண் நகரவில்லை.

"என்னண்ணே, பை நேத்தைவிட உப்பியிருக்கு?"

"சாப்பாடும்மா. பசிச்சா நீயும் சாப்பிடு."

"இந்த விளக்குல கை வெச்சீங்களா?"

"பல்பு எரியுதான்னு பார்த்தேன். ஏன், பல்பை முழுங்கிட்டேனா?"

"சிரிக்காதீங்க. சாயங்காலம் நிர்வாகி வர்றார். என் வேலைக்கே உலை வெச்சுட்டீங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "திருடன்னு நேராவே சொல்லிடு தங்கச்சி" என்று பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஸ்பேனர், டேப், டிபன் டப்பா. டப்பா திறந்துகொண்டு சோறு தரையில் சிதறியது.

அப்போதும் அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. நேற்றே வெளியே கடத்தியிருப்பாரோ? பழைய பழக்கத்தில் குடையின் விளிம்பை மடித்துத் தையலைப் பார்த்தாள். நடுவில் ஒரு தையல் விட்டுப்போன இடம். அவளுக்குத் தெரிந்த அதே இடம். குடை மாறவில்லை! மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். சோப்புத் தூள் வாசனை. நேராகப் பின்கட்டுக்கு நடந்தாள்.

அங்கே ஓர் அறையில் இன்னும் குடியிருப்பவர் டாக்டரின் மருமகள். எண்பதைத் தொட்டும் எல்லாருக்கும் அவர் மருமகளம்மாதான்.

"நான்தான் துவைச்சேன். அதுக்கென்ன இப்போ?" என்றார் அவர். "வர்றவங்க எல்லாம் மூக்கைச் சுளிக்கிறாங்க. இந்த வீட்டு மருமக அழுக்கு மூட்டைன்னு நினைக்க மாட்டாங்களா? அப்போ மாமனார் தொட விடல, இப்போ நீ விட மாட்டேங்கற."

"அம்மா, அந்தக் கறையைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கிட்டு வர்றாங்க!"

"ஏன், அவங்க வீட்டுல கறையே இல்லையா?"

சாயங்காலம் நிர்வாகி நேராக விளக்கிடம் போய்க் குடையைத் தடவிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிடக் கழுகு சாவிக் கொத்தைத் தயாராகக் கையில் எடுத்தாள். "யார் வேலை இது?" என்று அவர் திரும்புவதற்குள் மருமகளம்மா முன்னால் வந்தார்.

"அவளை ஏன் பார்க்கறீங்க? துவைச்சது நான். கல்யாணமாகி வந்த அன்னைக்கு இது வெள்ளையாத்தான் இருந்துச்சு. அதுவும் பழசுதானே?"

நிர்வாகி பெருமூச்சு விட்டார். "இனிமே கேட்காம எதையும் துவைக்காதீங்கம்மா" என்றார். கழுகிடம், "நீங்க பார்த்துக்கங்க" என்றதோடு சரி. சாவிக் கொத்து அவள் இடுப்புக்கே திரும்பியது.

மறுநாள் அவள் எலக்ட்ரீஷியனின் பையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தன் கையால் சமைத்த சாப்பாட்டை நீட்டினாள். "மனசுல வெச்சுக்காதீங்கண்ணே."

"முதல்ல நீ ஒரு வாய் சாப்பிடு" என்றார் அவர், டப்பாவைத் திறக்காமல். "எனக்கும் சந்தேகம் வரும்ல?"

சோப்புத் தூள் டப்பா இப்போது கழுகின் பீரோவில் பூட்டுக்குள் இருக்கிறது. ஆனாலும் தினமும் காலையில் கதவைத் திறந்ததும் அவள் முதல் வேலையாகத் திரைச்சீலைகளை முகர்ந்து பார்க்கிறாள்.